நான் படிக்காமல் விட்ட நான்கு பக்கங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோர நாற்காலியில் கையில் புத்தகத்தோடு நான். கீழே பாயில் கால் நீட்டிக்கொண்டு உன் அத்தை. சோபாவில் பாதித் தூக்கத்தில் மாடி வீட்டு நர்ஸம்மா. பக்கத்தில், மடியில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளோடு எதிர் வீட்டுத் தையல்காரம்மா. வாசல் பக்கம் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கதை கேட்காத மாதிரி உன் அப்பா, ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை என்பதையும் நான் கவனித்தேன். இந்த ஐந்து பேரும் இன்று வரை சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாய்த் தூங்கி எழுந்திருக்கும்படி கடவுளைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எதற்கு ஆஜர் பட்டியல் மாதிரி எழுதுகிறாள் என்று நினைக்காதே, அன்றைக்கு நான் செய்த ஒரு காரியத்தால் உன் அத்தைக்கு வரவேண்டிய பதவி கைநழுவப் பார்த்தது, யார் யார் சாட்சி என்று உனக்குத் தெரிய வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிக் கதை படிப்பது பதினோரு வாரமாய் நடக்கிறது. நர்ஸம்மாவுக்குப் புத்தகத்தைத் தூக்கினாலே தூக்கம் வந்துவிடும், தையல்காரம்மாவுக்குக் கை ஓயாது, அத்தைக்கோ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆவியில் நின்று நின்று கண் எரிச்சல், அதனால் நான் படிக்கிறேன் அவர்கள் கேட்கிறார்கள். எல்லாம் உனக்குத் தெரிந்த என் ருசிதான், சரித்திரக் கதையாய் இருக்க வேண்டும், நடுவில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்க வேண்டும், அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டும். இப்போது நூலகத்திலிருந்து எடுத்து வந்திருப்பதில் அவள் ஒரு கோட்டைக் கதவுக் காவல்காரரின் மகள். முற்றுகை தொடங்கி மூன்றாம் மாதம் அவள் அப்பா காய்ச்சலில் போய்விடுகிறார், சாவி இவளிடம் வருகிறது. முற்றுகைப் படை கொஞ்சம் பின்வாங்கின ஒரு நாள் வெளியே ஊர் ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு கதவைத் தட்டுகிறார்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு எதிரிப்படை திரும்பி வருகிறது, உள்ளே தளபதியின் ஆட்கள் பொம்பளை கையில் சாவியா என்று சிரிக்கிறார்கள். அவள் கதவைத் திறந்து ஜனங்களை உள்ளே விட்டு, படை வந்து சேர்வதற்குள் சாத்த வேண்டும். உன் அப்பா இவளுக்குச் சாவிக்காரி என்று பேர் வைத்துவிட்டார், சாவிக்காரி நாளைக்கு என்ன பண்ணப்போறா என்று சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுவார், நீங்கதான் கேட்கிறதே இல்லையே என்றால் பேப்பருக்குள் போய்விடுவார்.

நீ ஒரு தடவை என்னைக் கேட்டாய், அம்மா உனக்கு இந்தக் கதைகளில் என்னதான் இருக்கிறது, எல்லா நாயகியும் ஒரே அச்சு, பயப்படவே மாட்டாள், கும்பிட்டு எழுந்ததும் வழி பிறந்துவிடும் என்று. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்துச் சொல்கிறேன். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மனப்பாடமாய்த் தெரிந்த பிரார்த்தனைகளை அச்சில் வைத்துக்கொண்டு, வாயில் வருகிற வார்த்தையையும் கண்ணில் படுகிற எழுத்தையும் ஜோடி சேர்த்துச் சேர்த்துத்தான் திக்காமல் படிக்கப் பழகினேன். உன் சரித்திரப் பாடப்புத்தகத்தை நீ பள்ளிக்குப் போகாத நாட்களில் எடுத்து முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் ராஜா படையெடுத்தார், ராஜா ஜெயித்தார், ராஜா செத்தார். அத்தனை படைக்கும் சமைத்தது யார், முற்றுகையில் தண்ணீரை அளந்து ஊற்றினது யார் என்று ஒரு வரி கிடையாது. இந்தக் கதைகளில் அவள் இருக்கிறாள். மாவு இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்ட அதே கையால் கோட்டைக் கதவையும் திறக்கிறாள். படிக்கும்போது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நானும் அங்கே எங்கேயோ நின்றிருப்பேன், நின்று சும்மாவும் இருந்திருக்க மாட்டேன் என்று தோன்றும். சிரிக்காதே. பாத்திரம் கழுவும்போதுகூட அந்த நினைப்பு முதுகை நிமிர்த்தி வைக்கிறது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவள் இருபத்திரண்டு வருஷமாய் விரிப்பும் போர்வையும் மடிக்கிற அந்தச் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார். நிர்வாகி அத்தையைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு நீங்களே வாங்க என்று சொல்லியிருக்கிறார். போன வருஷம் ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டிய துணி ஒரு வண்டி நிறைய தயாராய் நின்றபோது, இவள் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து இது சரியாய் வேகலை, மெஷினில் சூடு ஏறலை என்று நிறுத்தினாளே, பார்த்தால் நிஜமாகவே உள்ளே ஏதோ பழுது. அதை நிர்வாகி மறக்கவில்லை. ஆனால் அங்கே பதினோரு பேர், ஏழு பேர் ஆண்கள், அதில் இரண்டு பேர் அந்த நாற்காலிக்குக் கண் வைத்திருந்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாள். சரின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே என்று உன் அப்பா குதித்தார். நீங்க வேணா போய் உட்காருங்க அண்ணா, நான் ஒரு வாரம் கேட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. என் நோட்டின் பின்பக்கம் உனக்குத் தெரியும், படித்த புத்தகங்களுக்குத் தேதி, பக்கம், கேட்டவர்கள் என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'விட்டது'. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் 212 முதல் 215 வரை என்று எழுதினேன். சாவிக்காரி கதவைத் திறக்கப் போவதற்கு முன்னால் கும்பிடுகிற இடம். நான் எப்போதும் முதல் நாளே ஒரு தடவை தனியாய்ப் படித்துப் பார்த்துவிடுவேன், அந்த நாலு பக்கத்தைப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. சாயங்காலம் முழுக்க மண்டியிட்டுக் கிடக்கிறாள், ஒரு பதிலும் வரவில்லை, கால் மரத்ததுதான் மிச்சம், பயம் ஒரு துளி குறையவில்லை, எழுந்து போய் மூலையில் வாந்தி எடுக்கிறாள். கடவுள் வாய் திறக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் உரக்கப் படிக்க எனக்கு நாக்கு எழவில்லை, நாயகி வாந்தி எடுப்பதும் பிடிக்கவில்லை. அதனால் மண்டியிட்டாள் என்ற வரியிலிருந்து நேரே சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள் என்ற வரிக்குத் தாண்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தையல்காரம்மா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கதையைக் கேட்டாள், அப்பாவின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. அத்தை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனவள் நிர்வாகியிடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரையும் போடமாட்டேன், மனசு மாறினா வாங்க என்றாராம். இதையே செவ்வாய்க்கிழமைதான் எங்களிடம் சொன்னாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், ஏம்மா என்று கேட்டேன். அண்ணி, நானும் வெள்ளிக்கிழமையிலிருந்து கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை மண்டி போட்டா, எழுந்திருக்கும்போது பயம் போயிடுச்சு, எனக்கு இன்னும் வயித்தைப் புரட்டுது, ஒண்ணு சாமிக்கு இதுல இஷ்டமில்லை, இல்லேன்னா நான் அந்த ரகம் இல்லை என்றாள். அழவில்லை, கறை போகாத துணியை ஒதுக்கி வைக்கிற மாதிரி சாதாரணமாய்ச் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வெட்கம் பிடுங்கித் தின்றது, சொல்லவில்லை. மறுநாள் காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் கண்ணை மூடினதும் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்தான் வந்து நிற்கிறது. நானும் எவ்வளவோ தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. சமையலறையில் அவளை முக்காலியில் உட்கார வைத்து, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லி, அந்த நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். வாந்தி எடுத்தவள் வாய் கொப்பளிக்க அளவுத் தண்ணீரில் கொஞ்சம் செலவழித்துவிட்டு அதற்கு வெட்கப்படுகிறாள், சாவி இரண்டு தடவை கையிலிருந்து நழுவுகிறது, பிறகு கதவைப் பார்த்து நடந்துகொண்டே கடவுளிடம் சொல்கிறாள், உம்முடைய பதில் வருகிற வரைக்கும் வெளியே நிற்கிறவர்களால் காத்திருக்க முடியாது, நான் முன்னால் போகிறேன், நீர் பின்னால் வாரும் என்று. இன்னொரு தடவை படிங்க என்றாள் அத்தை. படித்தேன். நிஜமாவே இருக்கா, காட்டுங்க என்று புத்தகத்தைப் பிடுங்கி, அந்த எரிகிற கண்ணை வைத்துக்கொண்டு வரிக்கு விரல் வைத்து அவளே படித்தாள். அப்புறம் கோபம் வந்தது பார், நீங்க யாரு அண்ணி நடுவுல கத்தரி போட, சாமிக்கு நீங்க மானம் காப்பாத்தணுமா, மூணு நாளா நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுச் செத்துக்கிட்டிருந்தேன் என்று கேட்டுவிட்டுப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள், வீட்டில் துவைக்கத் துணியே இல்லை, துவைத்ததையே எடுத்துத் துவைத்தாள். சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேச்சில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் வந்து, அந்த நீர் பின்னால் வாரும்கற வரியை ஒரு சீட்டில எழுதிக் குடுங்க என்றாள்.

வியாழக்கிழமை போய் நிர்வாகி அறை வாசலில் பன்னிரண்டு மணி வரை நின்றிருக்கிறாள். ஏன் மனசு மாறிச்சு, பயம் போயிடுச்சா என்று அவர் கேட்டாராம். போகலை சார், அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன் என்று சொன்னாளாம். மூன்று மாதம் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், ஒன்றாம் தேதியிலிருந்து அவள்தான் சூப்பர்வைசர். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா சாவிக்காரி வந்தாச்சு என்றார். சாவியும் குடுக்கலை பூட்டும் குடுக்கலை, ஒரு பேனா குடுத்தாங்க அதுவும் எழுதலை என்றாள். முகம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதே ஐந்து பேர் இருக்கும்போது நான் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். இந்தப் புத்தகத்தில் மட்டும் இதுவரை விட்டது இருபத்து மூன்று பக்கம், கூட்டிப் பார்த்துச் சொன்னேன். நர்ஸம்மா, அடடா நான்தான் தூங்கித் தூங்கிக் கோட்டை விடறேன்னு நினைச்சேன் என்றாள். தையல்காரம்மா, அதான் சில இடத்துல கதை தையல் பிரிஞ்ச மாதிரி இருந்தது, உங்க மனசு நோகக்கூடாதுன்னு சும்மா இருந்தேன் என்றாள். உன் அப்பா பேப்பரை நாலாய் மடித்து ஓரமாய் வைத்துவிட்டு முதல்ல அந்த இருபத்து மூணையும் படி என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று, தொண்டை கட்டிவிட்டது. அதற்கு மேலும் படித்தோம், சாவிக்காரி சரியான நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுகிறாள், ஆனால் கடைசியாய் வந்த ஒரு வண்டி வெளியே நின்றுபோகிறது. முந்தியாய் இருந்தால் அந்த வண்டியை நான் படிக்காமல் விட்டிருப்பேன். படித்தேன். அதற்காக அவள் மேல் யாருக்கும் பிரியம் குறையவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

திங்கட்கிழமை பரணிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உனக்குப் படித்துக் காட்டின கதைகளிலும் கடைசிக் கட்டம் காலியாய் இல்லை. அந்தப் பெண் வைத்தியர் கதை நினைவிருக்கிறதா, அதில் மட்டும் நாற்பத்தொன்று. அவள் அழுதது, பொய் சொன்னது, ஒரு நோயாளியைப் பார்க்கப் பயந்து ஒளிந்துகொண்டது எல்லாம் அதற்குள் இருக்கிறது. எல்லா நாயகியும் ஒரே அச்சு என்று நீ சொன்னது சரிதான், அந்த அச்சைப் போட்டது நான். பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று நினைத்துச் செய்தேன், பயப்படுவது உனக்கு மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொண்டு வளர்ந்திருந்தால் அம்மாவை மன்னித்துவிடு. பக்க எண்களை எல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அங்கே அந்தப் புத்தகங்கள் கிடைத்தால் எடுத்துப் படி.

இப்போது அத்தை ஒன்று கேட்கிறாள். உன் கீழே ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்களே, அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் நாள் எப்படி இருந்தது என்று. எல்லாம் நன்றாய் நடந்தது கவலைப்படாதே என்று நீ அப்போது ஒரு வரி எழுதியிருந்தாய், அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, இவ உங்க பொண்ணுதானே அண்ணி, எத்தனை பக்கம் விட்டாளோ என்றாள். எனக்கும் அதைத் திரும்பப் படித்ததிலிருந்து அதே நினைப்புதான். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கையும் காலும் வாக்கும் நன்றாய் இருக்கட்டும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப் போடாதே. முதல் நாள் கதையை எங்களுக்காகச் சுருக்காமல் அத்தை பேருக்கே எழுது, நானே உரக்கப் படிக்கிறேன், ஒரு வரி விடமாட்டேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, அதற்குள் வந்து சேரும்படி சீக்கிரம் பதில் போடு.

என்றும் உன் நினைவாய்,
அம்மா