வருகை நோட்டைக் கொடுத்தவர் பெயர்

கோவில்பட்டி
14.6.1999

அன்புத் தங்கை செண்பகவல்லிக்கு அண்ணன் ராஜமணி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். உன் மதினிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மகள் ஜெயப்பிரியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள். நான்தான் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நான்கு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தபாலில் எழுதும்படி ஆகிவிட்டது. இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். "வேலை கெடக்கு, பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டாயாம். என்ன வேலை என்று சனிக்கிழமை உன் பத்திரிகையைப் பார்த்ததும் தெரிந்தது.

மே 27ஆம் தேதி பசுவந்தனை ரோட்டில் நம் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து கலக்கும் மருந்து அறை தீப்பிடித்தது. செத்தது மூன்று பேர். போலீஸ் எழுதியது மூன்று. தினசரிகள் போட்டது மூன்று. நீ மட்டும் ஏழு என்று முதல் பக்கத்தில் போடுகிறாய். பாண்டியம்மாள், முத்துத்தாய், சொர்ணத்தாய், சங்கரம்மாள் என்று நான்கு பெயர். கூடவே எங்கள் வருகை நோட்டின் படம். அந்த நான்கு பேரும் காண்ட்ராக்டர் கூட்டி வந்தவர்கள், நம் ஆட்கள் இல்லை. வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது.

அன்றைக்கு உள்ளே ஓடி இரண்டு பேரைத் தூக்கி வந்தவன் நான். இடது கை இன்னும் ஆறவில்லை. அதை எழுத உனக்கு மனம் வந்ததா?

மாப்பிள்ளை முத்துசெல்வம் இறந்தபோதே அந்தப் பத்திரிகையை மூடிவிடு என்று சொன்னேன். கேட்கவில்லை. போகட்டும். வருகிற சனிக்கிழமை முதல் பக்கத்தில், தவறான செய்தி, வருந்துகிறோம் என்று போடு. போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. இல்லையென்றால் கூடப் பிறந்தவள் என்று பார்க்க மாட்டேன்.

அன்பு அண்ணன்,
ராஜமணி


கோவில்பட்டி
17.6.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

கை ஆறவில்லை என்று படித்தேன். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயப்பிரியாவுக்கு என் ஆசி. மதினியை வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் உள்ளே ஓடி இரண்டு பேரைத் தூக்கி வந்ததை எழுதியிருக்கிறேன், அண்ணா. மூன்றாவது பத்தி. நீங்கள் தலைப்போடு நிறுத்திவிட்டீர்கள்.

ஸ்டவ் வெடித்தது என்கிறீர்கள். நான் பசுவந்தனைக்குப் போய் நான்கு வீட்டிலும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சொர்ணத்தாய் வீட்டில் ஸ்டவ்வே கிடையாது. வெளியே மூன்று கல் கூட்டி விறகில்தான் சமையல். அவள் அம்மா என்னிடம், "ஆபீஸ் வண்டியில ஏறிப் போன பிள்ளய ஆஸ்பத்திரியில கொண்டு காட்டுதாவ. வீட்டுல வெந்தான்னு சொல்லணுமாம். இல்லாத அடுப்பு எப்படிம்மா வெடிக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒரு பதில் கொடுங்கள். அதையும் முதல் பக்கத்தில் போடுகிறேன்.

அன்று காலை ஏழரைக்கு நான்கு பேரும் வந்ததாக உங்கள் நோட்டே சொல்கிறது. வருத்தம் தெரிவிக்க என்னிடம் தவறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், திருத்தம் போடாமல். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் தங்கை,
செண்பகம்


கோவில்பட்டி
2.8.1999

செண்பகவல்லிக்கு,

கதவைத் திறக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். சொல்லிக்கொள்.

அச்சகத்து மந்திரமூர்த்தி இனி உன் பத்திரிகையை அடிக்க மாட்டான். நம் பஜாரில் ஒரு கடையும் இனி விளம்பரம் தராது. நான் யாரையும் மிரட்டவில்லை. ராஜமணி அண்ணாச்சி மனம் வருந்துகிறார் என்று தெரிந்தால் அவர்களுக்கே புரிகிறது. அவதூறு வழக்கும் போட்டாயிற்று. சம்மன் இந்த வாரம் வரும்.

வருகை நோட்டு ஆபீஸ் நேரம் முடிந்ததும் என் வீட்டு பீரோவுக்கு வந்துவிடும். அதைத் தொடுகிறவர்கள் நானும் கணக்கர் நல்லக்கண்ணுவும்தான். அவனைப் பதினெட்டு வருஷ வேலையிலிருந்து நேற்று நிறுத்திவிட்டேன். தீப்பெட்டி முதலாளிகள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன். இனி கடம்பூர் வரை எவனும் அவனைச் சேர்க்க மாட்டான்.

"நான் செய்யல முதலாளி" என்று அழுதான். அவன் இல்லையென்றால் வேறு யார்? பெயரை எழுது. பெயர் வந்த அன்றே வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறேன். அவன் வயிற்றில் அடித்தது நான் அல்ல, நீ.

ராஜமணி


கோவில்பட்டி
11.8.1999

அண்ணனுக்கு,

சம்மன் வந்துவிட்டது. பத்திரிகையை இப்போது திருநெல்வேலியில் அச்சடிக்கிறேன். போன சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து கட்டுகளை இறக்கியதும் நான்கு பேர் வந்து பிடுங்கி, பஸ் ஸ்டாண்டு வாறுகால் சாக்கடையில் தள்ளினார்கள். அதில் ஒருவன் உங்கள் லாரி டிரைவர். மிஞ்சிய பிரதிகளை நானே நடந்து போய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நல்லக்கண்ணு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "யம்மா, நான் அந்த நோட்டக் குடுத்தனா? உங்களுக்குத் தெரியும்லா. நல்லக்கண்ணு இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. யார்னு நான் கேக்கல. நான் இல்லன்னு மட்டும் எழுதுங்க" என்றார். முடியாது என்றேன். "ஏன்? எம் பிள்ளைக மொகத்துல முழிக்க முடியல" என்றார். அதற்கும் முடியாது என்றேன். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரத்தம்தான்" என்று சொல்லிவிட்டு, என் வாசலில் துப்பிவிட்டுப் போனார்.

அவரா இல்லையா என்று நான் சொல்லிவிட்டால், நாளைக்கு அடுத்த ஆளைக் காட்டிக் கேட்பீர்கள். அடுத்த நாள் இன்னொருவர். இல்லை, இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுகிறவர் மாட்டிக்கொள்வார். பெயரை வெளியில் விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தத் தாளை வாங்கினேன். அந்த வாக்கை மீறினால், இனி இந்த வட்டாரத்தில் எவரும் எந்தப் பத்திரிகைக்காரரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நல்லக்கண்ணுவை வேலையிலிருந்து எடுத்தது உங்கள் கை. அந்தப் பழியை என் தலையில் கட்டாதீர்கள். ஆனால் அவர் துப்பியதை நான் இன்னும் துடைக்கவில்லை.

செண்பகம்


கோவில்பட்டி
9.5.2000

செண்பகவல்லிக்கு,

ஆறு நாளாக ஆபீசில் ஃபேக்ஸ் மிஷின் ஓயவில்லை. மே 3 உலகப் பத்திரிகை சுதந்திர தினமாம். உலகத்தில் எங்கெங்கே பத்திரிகைக்காரர்கள் மேல் வழக்கு நடக்கிறது என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறதாம். அதில் கோவில்பட்டி! கொழும்பு, மணிலா, லாகோஸ் என்று நான் மேப்பில்கூடப் பார்க்காத ஊரிலிருந்தெல்லாம், வழக்கை வாபஸ் வாங்கு என்று எனக்கு எழுதுகிறார்கள். கலெக்டருக்கும் நகல். தூத்துக்குடி ஏற்றுமதி ஏஜென்ட் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, உங்க பேரு உலகமெல்லாம் நாறுது" என்கிறான்.

குடும்பச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தாய். இப்போது கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டாய். அவர்கள் யாராவது உனக்குச் சோறு போடுவார்களா? நாளைக்கு நீ விழுந்து கிடந்தால் மணிலாக்காரனா வந்து தூக்குவான்?

ராஜமணி


கோவில்பட்டி
13.5.2000

அண்ணனுக்கு,

நான் யாருக்கும் எழுதவில்லை. மதுரை நிருபர் சங்கத்தார் வழக்கு விவரத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன்.

எனக்கும் கடிதங்கள் வந்தன. கொழும்பிலிருந்து எழுதிய பெண் தமிழில் எழுதியிருந்தாள். அவளுடைய அலுவலகத்தை எரித்த பிறகு ஒரு பள்ளிக்கூட அறையில் பத்திரிகை நடத்துகிறாளாம். "அக்கா, பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று முடித்திருந்தாள். அவளுக்கு என்னையும் தெரியாது, உங்களையும் தெரியாது.

நான் விழுந்தால் தூக்க மணிலாவிலிருந்து ஆள் வராதுதான். நான்கு தெரு தள்ளி இருப்பவரும் வர மாட்டார். தள்ளிவிட்டதே அவர்தானே.

செண்பகம்


கோவில்பட்டி
18.9.2000

தங்கச்சி செண்பகத்துக்கு,

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். நீயும் அப்படிப் படி.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, நல்லக்கண்ணுவைப் பற்றி ஏதோ ஏசினேன். பரிமாறிக்கொண்டிருந்த உன் மதினி பேபி கரண்டியை வைத்துவிட்டாள். "அந்த மனுசன எதுக்குப் போட்டு இந்தப் பாடு படுத்துதீய? பீரோவில இருந்து நோட்ட எடுத்தது நான். ஜெராக்ஸ் எடுத்து உங்க தங்கச்சிகிட்ட குடுத்ததும் நான்" என்றாள். மகள் முன்னால். தட்டைத் தள்ளி வைத்தேன். ஏன் என்று கேட்டேன். "முத்துத்தாயி மூணு வருசம் இந்த வீட்டுக்கு மாவாட்டுனவ. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். அவ அங்கன வரவே இல்லன்னு நீங்க எழுதுதீய. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள். இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு கடம்பூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் நம்பவில்லை. பேபிக்கு இரக்க மனசு. நல்லக்கண்ணுவைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். இருபத்து நான்கு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் எனக்கு இதைச் செய்வாளா?

ஒரே ஒரு வார்த்தை எழுது. "மதினி இல்லை" என்று எழுது. இன்றைக்கே கார் எடுத்துப் போய் அவளைக் கூட்டி வருகிறேன். வழக்கை வாபஸ் வாங்குகிறேன், நல்லக்கண்ணுவை வேலைக்குக் கூப்பிடுகிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறதாக வைத்துக்கொள்.

உன் அண்ணன்


கோவில்பட்டி
21.9.2000

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் கேட்ட வார்த்தையை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

நல்லக்கண்ணு கேட்டபோது சொல்லாததை உங்களுக்குச் சொன்னால், அண்ணனுக்கு ஒரு நியாயம், கணக்கருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். யார் கொடுத்தது என்றும் சொல்ல மாட்டேன், யார் கொடுக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

மதினி தன் வாயால் உங்களிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேளுங்கள். என்னிடம் ஏன் சாட்சி கேட்கிறீர்கள்? கடம்பூர் பக்கம்தான். வழக்குக்காகப் போகாதீர்கள். அவருக்காகப் போங்கள்.

செண்பகம்


கோவில்பட்டி
27.8.2001

செண்பகவல்லிக்கு,

வழக்கில் ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

ஜெராக்ஸ் தாளை நீதிமன்றம் ஏற்காது, எங்கிருந்து வந்தது என்று நீ சொல்லாதவரை உனக்குத் தண்டனை உறுதி என்றார் என் வக்கீல். நீயும் வாய் திறக்கவில்லை. தண்டனை வாங்கத் தயாராகத் துணிப்பையோடுதான் வந்து உட்கார்ந்திருந்தாய். நான் ஜெயித்தேன் என்றே நினைத்தேன். அப்போது உன் மதினி எழுந்து வந்தாள். அவளைக் கூப்பிடச் சொன்னது நீ இல்லை என்கிறார் உன் வக்கீல். அவளே போய்ச் சொன்னாளாம். கூண்டில் ஏறி, பெயர் பேபி, கணவர் பெயர் ராஜமணி என்றாள். பீரோச் சாவி எந்த டப்பாவில் இருக்கும் என்பதுவரை சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு பேரையும் தீயில் செத்தவர்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நல்லக்கண்ணுவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அய்யா வீட்டுச் சோறு இனி வேண்டாம்" என்று மணியாச்சிக்கு ஒரு லாரி ஆபீசில் கணக்கெழுதப் போய்விட்டான். ஜெயப்பிரியாவும் அம்மாவோடுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு நீதிமன்ற வாசலில் "குடும்பத்த அழிச்சிட்டியேட்டி" என்று கேட்டேன். அதற்குப் பதில் எழுதாதே. நேரில் வந்து சொல்லவும் வேண்டாம். எனக்குத் தங்கை இல்லை. நான் செத்தாலும் வராதே.

ராஜமணி


கோவில்பட்டி
3.9.2001
பதிவுத் தபால்

பெறுநர்: திரு. ராஜமணி அவர்கள், தொழிற்சாலை உரிமையாளர்

ஐயா,

27ஆம் தேதி நீங்கள் தங்கைக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. அதற்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இது வேறு கடிதம்.

தீக்குப் பிறகு மூடியிருந்த மருந்து அறை ஆகஸ்ட் 20 முதல் மறுபடி இயங்குவதாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. யாரிடமிருந்து என்று கேட்க வேண்டாம். சனிக்கிழமை இதழில் இதைப் பற்றிய செய்தி வருகிறது. உங்கள் தரப்பைக் கேட்காமல் எதையும் நாங்கள் போடுவதில்லை. ஆகவே கேட்கிறோம்.

தீப்பிடித்தபோது அந்த அறைக்கு ஒரே வாசல்தான் இருந்தது. இப்போது இரண்டாவது வாசல் வைத்திருக்கிறீர்களா?

அங்கே இப்போது வேலை செய்யும் காண்ட்ராக்டர் ஆட்கள் பதினொரு பேரின் பெயர் வருகை நோட்டில் இருக்கிறதா?

இறந்த நான்கு பேரின் வீட்டாரிடம், ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லச் சொன்னது யார்?

உங்கள் பதில் எதுவாக இருந்தாலும், எங்களை ஏசியே எழுதினாலும், ஓர் எழுத்துக் குறைக்காமல் முதல் பக்கத்தில் வெளியிடுவோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது. அதுவரை உங்களுக்கான பத்தியை ஒதுக்கி வைத்திருப்பேன். பதில் வராவிட்டால் மேலே உங்கள் பெயரோடு, கீழே வெறுமையாக, அந்தப் பத்தி அப்படியே அச்சாகும்.

இப்படிக்கு,
மு. செண்பகவல்லி
ஆசிரியர்