மூன்றாம் தடவை கேட்பார்கள் என்று

24-1-1996
காந்திபுரத்தில் யூனுஸ் பாய் ஜவுளிக்கடையில் சேர்ந்து ஒரு வாரம். கூடவே சேர்ந்த ஜோஸ் அதற்குள் எல்லோருக்கும் மாப்ளே. நான் இன்னும் ‘புதுசா வந்த தம்பி’. நோன்பு திறக்கிற நேரம், சேலை மடிக்கிற ரம்ஜான் பீவி அக்கா கடையில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார். “தம்பி, கஞ்சி குடிக்கறீங்களா?”

“இருக்கட்டுங்கக்கா.”

ஜோஸ் இரண்டு டம்ளர் குடித்தான். கஞ்சிக்கு அலைகிறான்!

எங்கள் வீட்டில் கேட்டவுடன் கை நீட்டினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதுக்குத்தான் வாங்க வேண்டும். இங்கே ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள்.

29-1
இன்றைக்கும் ‘இருக்கட்டுங்க’. நல்ல பசி.

3-2
இப்போது கேட்பதே இல்லை. கஞ்சிப் பாத்திரம் என்னைத் தாண்டிப் போகிறது. நான் குனிந்து சேலை அடுக்கினேன். போகட்டும், எனக்கென்ன.

10-2
பாய் தனியே கூப்பிட்டார். “உங்களுக்கு இங்க ஒட்டலைன்னா தப்பில்லீங்க தம்பி. பாலகோபால் கடையில ஆள் கேக்கறாங்க. சொல்லி உடட்டுங்களா?”

“சரிங்க” என்றேன். சரிங்களாம்! வேலை போகிறது, அதற்கும் தலையாட்டியிருக்கிறேன்.

துடியலூர் பஸ்ஸில் ஜோஸ் போட்டு உடைத்தான். “பாய் ஊட்டுக் கைபட்டது உனக்கு ஆகாதுன்னு கடையே நெனைக்குது, சத்தியசீலா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

ஐயோ, என்னையா? ஆனால் அவர்கள் வேறு என்னத்தைக் கண்டார்கள்? நோன்பிருந்து காய்ந்த வாயோடு முதலில் எனக்கு நீட்டிய கையைத் தள்ளினேன். வெட்கக்கேடு. கூச்சமாம் கூச்சம்!

12-2
பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் எழுந்து போனேன். “அக்கா, எனக்கும் கஞ்சி ஊத்துங்க!” கூச்சத்தில் கத்தியே விட்டேன். கடையே திரும்பியது.

அக்கா பதறிப்போய் மேசைக்கடியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுசு. “மொத நாள் வேண்டாம்னீங்கள்ல, மக்காநாளே உங்களுக்குன்னு வாங்கியாந்துபோட்டேனுங்க. யாரு வாயும் படல. குடுக்கத்தான் எனக்குக் கூச்சமா இருந்துச்சு.”

செத்தேன். எல்லோரும் குடிக்கிற டம்ளரில் ஒன்றை எடுத்து நீட்டினேன். “இதுலயே ஊத்துங்கக்கா.”

ஊற்றினார். அவசரமாகக் குடித்ததில் என் சட்டையெல்லாம் கஞ்சி. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

20-2
பாலகோபால் கடைக்கு வேறு ஆள் போகிறதாம். பெருநாளைக்கு என்னையும் பாய் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவேன். அக்கா முகத்தை நேராகப் பார்க்கத்தான் இன்னும் முடியவில்லை.