அம்மாவின் நிறம்

வியாழன், இரவு.

அம்மா தன் படம் ஒன்று கேட்டாள். ஸ்டுடியோவில் முகத்தை வெள்ளையாக்கிவிடுவார்களாம், வீட்டிலேயே பிரிண்ட் போட வேண்டுமாம். என் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; எல்லா பிரிண்டரும் அதில் ஓடாது. அதோடு ஒத்துப்போகும் போட்டோ பிரிண்டருக்காக மூன்று வாரம் அலைந்தேன். முதலில் வாங்கியதில் அவள் முகம் பச்சையாக வந்தது. "இன்னாடி, இப்பவே செத்தவ மாதிரி கீறேன்!" என்று சிரித்தாள். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனேன். கடைக்கார பாய் சலிக்காமல் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். நான்காவது பிரிண்டரில் அம்மாவின் நிறம் அப்படியே வந்தது.

வீட்டில் அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இதான். என் அடக்கத்துக்கு இத்தையே வெச்சிரு" என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இந்தப் பிரிண்டரும் மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா?