சந்தியில் தம்பியின் பதாகை

சனிக்கிழமை இரவு. கீரிக் கிராமம்.

நாளை தம்பி அன்ரனுக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அவன் மீன்பிடிக்கக் கொண்டுபோன படகு முள்ளிக்குளம் ஊர்க் கடற்கரையில் ஒதுங்கியது. அவனைக் கடல் இன்னும் தரவில்லை.

இன்று பின்னேரம் அவனுடைய உதைபந்தாட்டக் கழகத்தினர் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். அன்ரன் பின்களத்தில் ஆடுபவன். ஸ்பெயின் பின்கள வீரர் ஒருவர்மேல் அவனுக்கு உயிர். அவர் கோல் அடித்துப் பேர் எடுத்தவர் அல்ல. மறித்து மறித்தே நாட்டுக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் இங்கே ஓட்டோக்களில் அவர் படம்தான். அவர் விளையாட்டை விட்ட அன்று அன்ரன் சோற்றைத் தொடவில்லை.

கழகத்தினரிடம் அன்ரனின் முழுப்படம் இல்லை. அடையாள அட்டையிலிருந்த முகத்தை எடுத்து, கிண்ணம் தூக்கி நிற்கும் அந்த வீரரின் உடம்பில் ஒட்டிவிட்டார்கள்.

"அன்ரன் பாத்தா எவ்வளவு சந்தோசப்படுவான், அக்கா," என்றான் அவர்களில் ஒருவன். எரிச்சலாக இருந்தது. ஆனால் உண்மைதான், சந்தோசப்பட்டிருப்பான்.

கோயிலால் வந்த அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"முகம் என்ர பிள்ளையின்ர. இந்த உடம்பைப் பெத்தவள் தேடமாட்டாளே?"

"அவர் உயிரோட இருக்கிறார், அம்மா. விளையாட்டைத்தான் விட்டவர்."

"அப்ப இதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. எங்கட உடம்பு வரட்டும்."

பதாகையைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை பூசைக்கு அம்மாவை அந்தச் சந்தியால்தான் கூட்டிப்போக வேண்டும்.