அயர்லாந்துச் சட்டமும் நம் கொல்லை வேலியும்

செல்லிப்பட்டு
ஜூன் 14

அன்புள்ள குணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் அனிதாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முட்டிவலி எப்போதும் போலத்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான் அடங்கவில்லை, அதற்குக் காரணம் நீ.

பங்குனியில் ஒருநாள் போனில், உங்கள் அயர்லாந்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் முடியும்வரை வேலியை வெட்டக்கூடாது, குருவி கூடு கட்டும் காலம், மீறினால் கேஸ் போடுவார்கள் என்று சொன்னாயே, ஏன் சொன்னாய்? நீ சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் அப்பா மறுநாளே நம் கரும்புக் கொல்லையைச் சுற்றிவிட்டு வந்து, கிளுவை வேலியில் தவிட்டுக்குருவி நடமாட்டம் இருக்கிறது, ஆகஸ்ட் வரைக்கும் அருவாள் படக்கூடாது என்றார். வருஷாவருஷம் சித்திரையில் கழிக்கிற வேலி. அது அயர்லாந்து, இது செல்லிப்பட்டு என்றேன். "குருவிக்கு இன்னாடி அயர்லாந்து, செல்லிப்பட்டு" என்று கேட்டுவிட்டு, பழைய தகரத்தில் 'வேலி வெட்டத் தடை' என்று பெயிண்ட்டால் எழுதித் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, கோடைமழை இரண்டு பெய்ததும் வேலி தழைத்துப் பாதி வழியை அடைத்துக்கொண்டது.

பின்வீட்டு ஜோதிலட்சுமிக்கு நம் வேலிக்கும் நம் தோட்டத்துக்கும் நடுவில் போகிற அந்த ஒற்றைப் பாதைதான் வழி. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஸ்கூட்டியில் போகிறவள். முள் முகத்தில் கீறும் என்று ஒதுங்கி ஒதுங்கிப் போய், வைகாசி பிறந்த வாரத்தில் நம் தோட்டத்து மூங்கில் படலில் மோதி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன், மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். அதுவரை வேலை இருக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அழக்கூட இல்லை, "குருவிக்குச் சட்டம் இருக்குது பெரிம்மா, எனக்கு இன்னா இருக்குது" என்று மட்டும் கேட்டாள். அப்பாவிடம் வந்து சொன்னால், அவரும் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் வேலியைத் தொடவிடவில்லை. "வண்டிய தள்ளிக்கினு போவட்டுமே, ஆகஸ்ட் வரிக்கும்தான" என்கிறார். முறிந்த கையை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுவது?

பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் உரம் வாங்க வில்லியனூர் போன அன்றைக்கு, வேலி கழிக்கிற பாக்யராஜை வரச்சொல்லி ஆரம்பித்துவிட்டேன். அதுவரை ஒரு கூடுகூட என் கண்ணில் பட்டதில்லை, அந்தத் தைரியம். நாலாவது மரத்தில் ஒரு கிளை விழுந்ததும் எங்கிருந்தோ ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் வந்து, என் தலைக்கு மேலேயே நின்று கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. பாக்யராஜ் அருவாளைக் கீழே போட்டுவிட்டு, "யக்கா, கூடு" என்றான். கூட்டில் இரண்டு முட்டை, நல்ல நீலம் குணா, சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி. இன்னொன்று என் காலடியில் உடைந்து கிடந்தது. உள்ளே உயிர் பிடித்திருந்தது. பார்த்துவிட்டேன். மண்ணைத் தள்ளி மூடினேன். அவன் கூட்டைக் கிளையோடு தூக்கிப் பக்கத்து மரத்துக் கவட்டையில் வாழைநாரால் கட்டினான். மனுஷக் கை பட்டதை இனி சேர்க்காது என்றுதான் நினைத்தேன். வேலையெல்லாம் போட்டுவிட்டுத் தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது ஒரு குருவி வந்து கூட்டில் அமர்ந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வேலியையும் வெட்ட முடியாது, அந்தப் பெண்ணுக்கும் வழி வேண்டும். மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துப் பாதையோரம் இருந்த என் கனகாம்பரப் பாத்தி முழுவதையும் வெட்டிப் போட்டுவிட்டு, படலை நாலடி உள்ளே தள்ளி நட்டேன். ஏழு வருஷமாக நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகள். இப்போது அந்த வழியில் ஆட்டோவே போகும். ஜோதிலட்சுமியைக் கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், அந்தமட்டும் நிம்மதி.

வேலியில் கை வைத்த அன்றைக்கே அப்பா வில்லியனூரிலிருந்து வந்து மூன்று மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்துக் குதித்தார். கூட்டைக் கண்டதும் நிறுத்திவிட்டேன் என்றதும் அடங்கினார். பாத்தியையும் வெட்டின பிறகு, தான் எழுதிய போர்டுதான் என்னை மாற்றிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன புதன்கிழமை குஞ்சு பொரித்துவிட்டது. "ரெண்டு முட்டை, ரெண்டும் பொரிச்சிடுச்சி, ஒண்ணுகூட வீணாப் போவல" என்று தினமும் சாப்பிடும்போது சொல்கிறார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே ஆமாம் என்கிறேன். நீ கூப்பிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனாவை எடுத்தேன். மூன்று என்று உனக்காவது தெரியட்டும்.

அனிதாவின் பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
அமுதம்