சோம்பேறி பறந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் வந்துவிட்டான். இடது கையில் ஒரு கட்டு, மற்றபடி முழுசாக இருக்கிறான். இனி உட்கார்ந்து நிதானமாகப் படி.

மலைக்கு அந்தப் பக்கம் எதிரி வளைத்துக்கொண்ட முகாமிலிருந்து நம் வீரர்களைத் தூக்கி வர உத்தரவு. விமானங்களைப் பறக்கத் தயாராக வைப்பது என் பொறுப்பு. உதிரிபாகம் இதோ வருகிறது என்றார்கள், வரவே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு விமானத்தை ஓரங்கட்டி, அதன் பாகங்களைக் கழற்றி மற்றவற்றுக்குப் போட்டோம். அடிக்கடி மக்கர் செய்யும் என்பதால் அதற்குச் சோம்பேறி என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அதோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி நடைக்கு முன் ஒரு விமானம் இறக்கையில் குண்டடிபட்டுத் திரும்பியது. இருட்டுவதற்குள் எல்லாம் சேர்ந்து போயாக வேண்டும், பிறகு முகாமின் ஓடுதளம் எதிரி கைக்குப் போய்விடும். ஒரு விமானம் குறைந்தால் அதில் ஏற வேண்டிய ஆட்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். உன் மகன் அங்கேதான் இருந்தான்.

அடிபட்ட விமானத்தில் ஓடியதே சோம்பேறியின் எரிபொருள் பம்ப்தான்; குறைகிற மற்ற பாகங்களையும் அதிலிருந்தே எடுக்கலாம். அவற்றைக் கழற்றிச் சோம்பேறியில் திரும்ப மாட்ட முடியுமா என்று தளபதி என்னைக் கேட்டார். மெக்கானிக் முந்திக்கொண்டு, "புடுங்கின நகையெல்லாம் திருப்பிக் குடுங்க சார், என் பொண்ணை நானே ஜோடிச்சு அனுப்புறேன்" என்றார். ஆளுக்கொரு பக்கம் விழுந்து வேலை செய்தோம்.

மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் இன்னொருவர் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். தளபதி அவசரப்படுத்தினார். அவசரத்தில் முடுக்கிய நட்டு ஆகாயத்தில்தான் கழலும் என்றேன். உன் மகன் அங்கே இருக்கிறான் என்பது அவருக்கும் தெரியும். காத்திருந்தார்.

இருட்டுவதற்குள் சோம்பேறியும் மற்றவற்றோடு சேர்ந்து பறந்தது. எல்லாம் திரும்பின. சோம்பேறிதான் கடைசி. உன் பிள்ளை இறங்கி வந்ததும் வராததுமாக, "என்ன மாமா, இந்த வண்டி இந்த ஆட்டம் ஆடுது" என்கிறான். மெக்கானிக் அடிக்கக் கை ஓங்கிவிட்டுக் கட்டிக்கொண்டார். விமானக் கொட்டகையே சிரித்தது. நான் மட்டும் எல்லார் முன்னாலும் அழுதேன், வெட்கமில்லை.

அவன் படையில் சேர்ந்த அன்று, "நீதானே கூட்டிட்டுப் போற, நீயே கொண்டு வந்து விடு" என்றாய். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் பிரித்ததும் கூட்டி வருகிறேன். முழங்கால் வலியோடு நீ வாசலில் நிற்க வேண்டாம், நாங்களே கதவைத் தட்டுகிறோம். சோறு மட்டும் இரண்டு பேருக்கு வை, அக்கா.

உன் தம்பி