அருளம்பலம் பதினேழாம் பந்தியில் இறந்தது

8.11.86, சனி
காலையிலிருந்து மழை. லண்டன் தங்கச்சியின் பார்சல் நேற்று வந்தது. சுங்கத்தில் பிரித்து, பார்த்து, பார்க்காததுபோல் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே: மூக்குக்கண்ணாடிக் கூடு, தைலம், மாயக்கதை ஆட்டப் புத்தகத்தின் ஐந்தாம் பாகம். உறைக்குள் இரண்டு பிளாஸ்டிக் பகடை, இலவசம்.

குணம் பத்து மணிக்கு வந்தான், நனைந்து. சண்டிலிப்பாயிலிருந்து கொக்குவிலுக்குச் சைக்கிள். கணக்கு வாத்தியார், மாமாவின் மகன். இரண்டு வருடமாகச் சனிதோறும் இதுதான். ஒருவர் பந்தியை வாசிப்பது, மற்றவர் உருட்டுவது, விழும் எண்ணுக்கேற்ப வீரன் பிழைப்பதோ சாவதோ, அடுத்து எந்த வழியால் எந்தப் பந்திக்குப் போவது என்று சண்டை.

எங்கள் வீரன் அருளம்பலம். பெயர் எழுதும் கோட்டில் வேறு பெயர் தோன்றவில்லை. நான்கு பாகம், மூன்று பறவைநாகம், ஒரு சூனியக்காரி. உடம்பில் ஒரு கீறல் மட்டும்.

இன்று புதிய பகடையோடு பதினேழாம் பந்தி. கயிற்றுப் பாலம். பகடையில் ஆறு விழுந்தால் கயிறு அறும். ஆறு. மறுபடி தொடங்கினோம், இருபத்து மூன்றில் ஓநாய். மூன்றாம் முறை பாலத்துக்கே வரவில்லை.

குணம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

9.11, ஞாயிறு
ஆமியின் ஹெலிகொப்டர் மேலே இரண்டு முறை சுற்றியது. கட்டிலுக்குக் கீழிருந்து யோசித்தவை:
பழைய பாகங்கள்: தவறான கதவைத் திறந்தால் புத்தி சொல்லும். புதியது: புதைக்கும்.
பழைய அரக்கர் சண்டைக்கு முன் காரணம் சொல்வார்கள். புதியவர்களுக்கு நேரமில்லை.
பழைய படம் கறுப்பு, பயம் வந்தது. புதிய படம் நிறம், பசி வந்தது.
பழைய ஆசிரியர் வாசகனை நம்பினார். புதியவர் பகடையை நம்புகிறார்.
இரண்டு வருட விசுவாசத்துக்குப் பதினேழு பந்தி. சொந்தக்காரர்கூட இவ்வளவு கெதியாகக் கைவிடுவதில்லை.

11.11, செவ்வாய்
பதிப்பாளருக்குக் கடிதம், ஆங்கிலத்தில், எட்டுப் பக்கம். 'துரோகம்' என்ற பொருளில் நான்கு வெவ்வேறு சொற்கள். குணம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசித்துக் காட்டினேன். நல்ல இங்கிலிசு என்றான். பிறகு, வாசலில் நின்று: "உந்தக் கடிதத்தை அனுப்பாதை, மச்சான்." காரணம் கேட்டேன். முத்திரைச் செலவு என்றான்.

12.11
பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட அதிபர் கொழும்புக்குப் போகிறார். அங்கே தபாலில் போடக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

14.11, வெள்ளி
ஐந்தாம் பாகத்துக்காகப் பழைய சோகிகளை, அந்தச் சோழிச் சிப்பிகளை, எடுத்தேன். குற்றவாளிக்கும் கடைசிச் சந்தர்ப்பம் உண்டு. முதல் நான்கு பாகமும் அவற்றால்தான் ஆடினோம். அப்போது வீட்டில் பகடை இல்லை. தாயம் விளையாட உருட்டுகிற ஆறு சோகி இருந்தன. எத்தனை நிமிர்கிறதோ அத்தனை என்று வைத்தோம். யோசனை என்னுடையது. பெருமையும்.

அருளம்பலம் பாலத்தைத் தாண்டினான். ஓநாய் செத்தது. மத்தியானத்துக்குள் கோட்டை வாசல்.

சந்தோசப்படவில்லை. ஏதோ இடித்தது. சோகியை நூறு முறை எறிந்தேன், பகடையை நூறு முறை. ஆறு விழுந்தது: சோகியில் இரண்டு, பகடையில் பதினேழு. சோகி எப்போதும் இரண்டு, மூன்று, நாலு. ஆறும் ஒருசேர நிமிர்வது அபூர்வம்.

பழைய புத்தகங்கள் கருணை காட்டவில்லை. அவற்றிலும் ஆறு விழுந்தால் சாவுதான். விழவில்லை, அவ்வளவே. கடிதத்தின் எட்டுப் பக்கமும் இந்நேரம் வவுனியா தாண்டியிருக்கும்.

15.11, சனி
குணம் வந்ததும் கேட்டேன், சோகியின் கணக்கு உனக்குத் தெரியுமோ என்று.
"ஓம்."
"எப்ப தொடக்கம்?"
"இரண்டாம் புத்தகம். நான் படிப்பிக்கிற பாடமே அதுதானே."
"சொல்லியிருக்கலாம்."
"சொன்னா நீ சோகியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு நேர்மையா ஆடுவாய். அருளம்பலம் ஒரு கிழமையிலை செத்திருப்பான். பிறகு சனிக்கிழமையளிலை நான் எங்கை போறது?"

போகச் சொன்னேன். போனான். ஆசிரியர் ஏமாற்றினால் கடிதம் எழுதலாம். இதற்கு விலாசம் இல்லை.

18.11
முதலாம் பாகம், தனியே, பகடையோடு. இரண்டு வருட வீரத்தைச் சோதிக்க. ஒன்பதாம் பந்தியில் சாவு.

20.11
மேலும் ஆறு தரம். ஒருமுறை குகை வாசலிலேயே, வௌவாலால். முதலாம் பறவைநாகத்தை இன்னும் நேரில் காணவில்லை. பழைய பாகம் புதியதைவிடக் கொடூரம். தங்கச்சிக்குச் சொல்லக் கூடாது.

22.11, சனி
வர மாட்டான் என்றுதான் இருந்தேன். பத்து மணிக்கு வாசல் படலை திறந்தது. குடை இல்லை. கதிரை நுனியில் இருந்தான், வைத்தியரிடம் வந்தவன்போல். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டான்:

"பகடையாலை முதலாம் புத்தகத்தைப் போட்டுப் பார்த்தனியோ?"
"பார்த்தனான்."
"என்ன மாதிரி?"
"வென்றிட்டன்."

குணம் கணக்கு வாத்தியார். அந்தப் புத்தகத்தில் பகடையால் தப்ப எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று அவனுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "அருளம்பலம் லேசிலை சாகிற ஆளில்லை."